பள்ளிக்கூடப் படிவத்தில் நீ போட்ட கோடு

தேரூர்,
ஆனி மாதக் கடைசி

என் மக்களே,

உன் வீட்டிலிருந்து வந்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது. ஊசி போட்ட காய்ச்சல் சின்னவளுக்கு இறங்கிவிட்டது என்று உன் அம்மை போனில் சொன்னாள். மனசு ஆறியது. நேரில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்த ஒரு காரியம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால், "சரி பெரியம்மை, சரி பெரியம்மை" என்று கேட்டுக்கொண்டே நீ பாத்திரம் கழுவுவாய். கடிதம் என்றால் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும்.

அன்று ராத்திரி, பிள்ளைகள் உறங்கிய பிறகு, மூத்தவன் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்ட படிவத்தை நிரப்பினாய். நான் பக்கத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் வேலை, அலுவலகம், பதவி எல்லாம் மணிமணியாக எழுதினாய். அதற்கு அடுத்த வரி, தாயின் தொழில். பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டு, இரத்த வகை எழுதப் போய்விட்டாய்.

அந்தக் கோடு எனக்கு உறக்கம் தரவில்லை. கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நீ. விடியற்காலை ரயிலைப் பிடிக்க நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு ஓடியவள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வேலையை விட்டது நீயும் மாப்பிள்ளையும் யோசித்து எடுத்த முடிவு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பவும் வேலைக்குப் போ என்று சொல்லவும் இந்தக் கடிதம் எழுதவில்லை. 38 வருஷம் அடுக்களையில் நின்றவள் நான், அந்த உழைப்பை மட்டம் என்று சொல்ல என் நாக்கு வராது. கோட்டைப் பற்றித்தான் பேச்சு.

மறுநாள் காலையில் வேண்டுமென்றே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்திய அரசு நாட்டு மக்கள் பொழுதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. முந்தின நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை, அரை மணி அரை மணியாகக் கட்டம் போட்டு, அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். உன்னுடைய ஒரே ஒரு கட்டத்தை, 7 மணியிலிருந்து 7.30 வரை, நான் பார்த்தேன். கேள்.

ஒரு அடுப்பில் புட்டு அவிகிறது. மற்றதில் சிறுபயறு வேகிறது. சின்னவள் உன் இடுப்பில். அத்தைக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையை உறையிலிருந்து ஒற்றைக் கையால் பிதுக்கி, தண்ணீரோடு கொண்டு கொடுத்தாய். திரும்பி வரும்போதே மோட்டாரை நிறுத்தினாய். தொட்டி நிறைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்டது. மூத்தவன் புட்டு வேண்டாம் என்றான். மட்டிப்பழத்தை உரித்துப் பிசைந்து, புட்டோடு உருட்டி, ஒரு கதையின் நடுவில் வாயில் வைத்தாய். அன்றைக்குப் புதன்கிழமை, கலர் சட்டை போட வேண்டும் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது, உனக்கு ஞாபகம் இருந்தது. வேன்காரர் பத்து நிமிஷம் முந்தி வருவதாகப் போன் செய்தார். அடுப்பைத் தணித்தாய். சின்னவள் பாலைக் கக்கினாள். துவர்த்தை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, பப்படம் பொரித்தாய். அதற்குள் மாப்பிள்ளை மூன்று தடவை கேட்டுவிட்டார். "இவனுக்க ஷூ எங்க?" "தண்ணி பாட்டில் நெறச்சாச்சா?" "எந்தப் பை?"

இவ்வளவும் ஒரு கட்டம். இப்படி ஒரு நாளைக்கு 48 கட்டம்.

2024-ல் எடுத்த கணக்கு சொல்கிறது: வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்களில் செய்கிறவர்கள் 88 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வதற்கு, அதாவது பிள்ளை, வயதானவர், நோயாளி, பெண்கள் 137 நிமிடம், ஆண்கள் 75. 2019-ல் முதன்முதலாக நாடு முழுக்க எடுத்தபோது வீட்டு வேலைக் கணக்கு 299, 97 என்று இருந்தது. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! வேலை கைமாறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுப்பதையும் புதன்கிழமைச் சட்டையை ஞாபகம் வைப்பதையும் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? கைக்கு ஓய்வு கிடைத்தாலும் தலைக்குக் கிடைக்காத வேலை அது.

இன்னொரு கணக்கெடுப்பும் உண்டு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில், வேலை செய்யாதவர் என்ன செய்கிறார் என்று ஒரு கேள்வி. மாணவர், வீட்டுக் கடமைகள், பிறரைச் சார்ந்திருப்பவர், ஓய்வூதியர், வாடகை வருமானத்தில் வாழ்பவர், பிச்சைக்காரர் என்று வரிசையாகப் போகும். நீயும் நானும் அந்த வரிசையில் இரண்டாவது. அதற்கு முந்தின கணக்கெடுப்பிலும் இப்படித்தான். அப்படி வகைப்படுத்தியதைப் பற்றி 2010-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி மிகவும் வருந்தி எழுதினார்.

அதே கணக்கெடுப்பில் ஒரு விதி இருக்கிறது. வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் கறந்தாலும் அது வேலைதான், கறப்பவர் உழைப்பாளிதான். எங்கள் வீட்டில் பசு நின்ற காலத்தை நீ கண்டதில்லை. அம்மை விடியுமுன் கறப்பாள். விதிப்படி அந்தக் கால் மணி நேரம் அவள் உழைப்பாளி. கறந்த பாலை அடுக்களைக்குக் கொண்டுவந்து, காய்ச்சி, ஆற்றி, ஆறு பிள்ளைகளுக்குக் கொடுத்து, மிச்சத்தை உறை ஊற்றுகிற நேரம் அவள் வேலையில்லாதவள். தொழுவத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் பத்தடி முற்றம். அந்தப் பத்தடியைக் கடக்கும்போது அவள் உழைப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

கும்பப்பூ அறுப்பு முடிந்தால் எங்கள் வீட்டில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நெல் அவிப்பார்கள். ராத்திரி ஊறவைத்து, விடியற்காலையில் அடுப்பு மூட்டி, வாய் பிளக்கிற பதத்தில் இறக்கி, களத்தில் பரத்தி, காலால் கிண்டிக் காயவைத்து, மழைக்கோள் கண்டால் ஓடி அள்ளி. பதம் தவறினால் அரிசி நொறுங்கும், வருஷம் முழுக்க நொய்க்கஞ்சிதான். அந்தப் பதம் அறிந்த கை என் அம்மைக்கு இருந்தது. நெல் விற்ற பணம் அறையில் பெட்டிக்குள் போகும். பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது என்று உனக்குத் தெரியும்.

இதில் நம்முடைய நாஞ்சில் நாட்டுக்கு ஒரு தனிக் கணக்கே இருக்கிறது. நீ பள்ளிக்கூடத்தில் கவிமணியின் குழந்தைப் பாட்டுகளைப் படித்திருப்பாய். அவர் பிறந்த இந்தத் தேரூரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவருடைய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' உன் பாடப் புத்தகத்தில் வந்திருக்காது. 1917, 18 வாக்கில் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. ஒரு காரணவருக்கு, அதாவது குடும்பத் தலைவருக்கு, ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. அந்தக் காலத்து முறைப்படி நாஞ்சில் வேளாளர் குடும்பங்களில் ஒருவன் சொத்து பெரும்பாலும் அவன் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். ஒருத்தி ஆயுள் முழுக்க ஒரு வீட்டில் சமைத்து, பெற்று, வளர்த்து, நோய் பார்ப்பாள். புருஷன் கண்ணை மூடினால், அவள் கழுவித் துடைத்த வீட்டிலேயே அவளும் பிள்ளைகளும் அன்னியர். பெண்வழிச் சொத்து என்று கேட்கும்போது பெண்ணுக்குப் பெரிய உரிமை போலத் தோன்றும். சகோதரிக்கு அது ஒரு பிடிமானம்தான், மனைவிக்கு இல்லை. எல்லாச் சகோதரியும் இன்னொரு வீட்டில் மனைவியாகத்தானே இருந்தாள்! கவிமணி அந்த வழக்கத்தை ஒரு பெண்ணின் குரலில் சிரிப்பும் அழுகையுமாகத் தோலுரித்துக் காட்டினார். ஊரில் வாதம் கிளம்பியது. 1926-ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அந்த முறையை மாற்றியது.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன்? அந்த ஐந்தாவது மனைவி உழைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஊரே பார்க்கத்தான் உழைத்தாள். உழைப்புக்கும் பங்குக்கும் நடுவில் இருந்த நூல் அறுந்திருந்தது. இன்றைக்குச் சட்டம் வேறு. ஆனால் நூலை நாமே கை நழுவ விடுகிற இடங்கள் உண்டு. நான் விட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

உன் பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது காலேஜில் படித்தாய். அந்த வீட்டில் எத்தனை தேங்காய் வெட்டினார்கள், எத்தனை கறிக்குப் போயிற்று, எத்தனை எண்ணெய்க்குப் போயிற்று என்று நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை எனக்குக் கணக்குத் தெரியும். பால்காரருக்கு என்ன பாக்கி, யார் என்ன கடன் வாங்கிப் போனார்கள், எல்லாம் தெரியும். காப்பீட்டுக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது. எந்தெந்த வங்கியில் கணக்கு என்று தெரியாது. அவர் போன பிறகு, பதினாறு கழிந்து, வங்கிக்குப் போனேன். கணக்கு அவர் ஒருவர் பேரில். நாமினி என்ற கட்டத்தில் அவருடைய அம்மையின் பெயர். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கு. அந்த அம்மை இறந்து அப்போது பத்தொன்பது வருஷம். மாற்றவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல, மக்களே. என் மேல் உயிராக இருந்தவர். ஆனாலும் வாரிசுச் சான்றிதழுக்கும் பத்திரத்துக்கும் கையெழுத்துக்கும் ஆறேழு மாதம் அலைந்தேன். ஒரு படிவத்தில் 'தொழில்' என்று இருந்தது. நான் போட்டதும் ஒரு கோடுதான்.

அதனால் இந்த மாதத்துக்குள் நீ செய்யவேண்டிய சில காரியங்களைச் சொல்கிறேன். மாப்பிள்ளையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார். சந்தேகப்படுவதாக அவர் நினைக்க மாட்டார். நினைத்தால் என் கதையைச் சொல். வீட்டுச் செலவு நடக்கிற கணக்கு ஜாயின்ட் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கட்டும். ஒவ்வொரு கணக்கிலும் நாமினி யார் என்று பார். கடன், சீட்டு, காப்பீடு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் உன் கையெழுத்தில் எழுது. டெக்னோபார்க் வேலையில் சேர்ந்த பி.எஃப். பணம் கிடக்கிறது என்றாயே, அதை எடுத்து வாஷிங் மெஷின் வாங்கப் போவதாக உன் அம்மை சொன்னாள். தொடாதே. வாஷிங் மெஷின் வீட்டுப் பணத்தில் வரட்டும், அழுக்குத் துணி உன் ஒருத்தியுடையது அல்ல.

ஆசாரிப்பள்ளம் பக்கம் மனை பார்ப்பதாகவும் சொன்னீர்கள். பத்திரத்தில் உன் பெயரும் வர வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரைக்குமான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. மனை அந்த விலைக்குள் வந்தால் அதையும் யோசியுங்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். புருஷன் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்புகிறார், மனைவி இங்கே குடும்பம் நடத்துகிறாள், அப்படிச் சேர்ந்த சொத்தில் அவளுக்கும் சரிபாதி என்று. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவர் அங்கே சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அதுவும் சொத்துக்கு அவள் போட்ட முதல் என்பது அதன் சாரம். வாசித்தபோது எனக்குக் கண் நிறைந்தது. ஆனால் அது வருஷக்கணக்காக வழக்கு நடத்திக் கிடைத்த ஒரு தீர்ப்பு. பத்திரம் எழுதுகிற நாளில் பேரைச் சேர்ப்பது ஒரு வரி வேலை. எங்கள் தெருவில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிற பெண்கள் அதை உதவித் தொகை என்று சொன்னால் திருத்துகிறார்கள், "உரிமைத் தொகையாக்கும்". 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது அரசு அந்தப் பேர் வைத்தது நல்ல காரியம்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதைவிடக் கடினமானது நேரம்.

மாப்பிள்ளை வேலைக்கு அஞ்சுகிறவர் இல்லை. நான் பார்த்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார், காய் நறுக்குகிறார். ஆனால் ஒவ்வொரு வேலையும் ஒரு கேள்வியாக உன்னிடமே திரும்பி வருகிறது. எந்தத் துவர்த்து, எந்தச் சட்டை, எத்தனை ஸ்பூன், டாக்டர் என்ன சொன்னார். கை அவருடையது, ஞாபகம் உன்னுடையது. வேலையைக் கொடுக்கும்போது அதன் ஞாபகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடு. மூத்தவன் பள்ளிக்கூடக் காரியம் முழுக்க அவருடையது என்று வைத்துக்கொள். சட்டை, பை, கட்டணம், வேன்காரர் போன் நம்பர், ஆசிரியையின் குறிப்பு எல்லாம். புதன்கிழமை கலர் சட்டைக்குப் பதில் யூனிபார்மில் போனான் என்றால் போகட்டும். நீ ஓடிப்போய்த் திருத்தாதே. இரண்டு புதன்கிழமை தவறினால் மூன்றாவது புதன்கிழமை அவருக்கு ஞாபகம் வரும்.

இதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. உன் அண்ணனை, என் மகனை, நான் அடுக்களைப் படி ஏற விட்டதில்லை. ஆண்பிள்ளை என்று சாப்பிட்ட தட்டை அவன் இடத்திலிருந்தே எடுத்தேன். அன்பு என்று நினைத்துச் செய்தேன். இன்று பெங்களூரில் என் மருமகள் வேலைக்கும் போய், அந்தத் தட்டையும் எடுக்கிறாள். போன மாதம் அவளிடம் போனில் சொன்னேன், "தப்பு என்னுடையது மக்களே" என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். உன் மூத்தவனுக்கு ஐந்து வயது. தட்டு கழுவ ஸ்டூல் போட்டு நிறுத்தக் காலமாகிவிட்டது.

மத்தியானம் சின்னவள் உறங்கும்போது நீயும் படு. அன்று நான் இருந்தபோது அந்த முக்கால் மணி நேரத்தில் அலமாரியை அடுக்கினாய். யாருக்காக? அத்தை கேட்டாளா? இல்லை. பகலில் படுத்தால் ஏதோ திருடியதுபோல் நமக்குத் தோன்றுகிறது. சம்பளம் வாங்குகிறவருக்கு ஞாயிறு என்று ஒன்று உண்டு. நமக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மீன் கழுவ வேண்டும், விருந்து வரும்.

ஆனாலும் இந்த நாட்டுப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு ராத்திரியைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஔவையார் நோன்பு. ஆடி, தை, மாசிச் செவ்வாய்க்கிழமைகளில் ஊர் அடங்கிய பிறகு ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பச்சரிசி. இடித்து மாவாக்கி, தேங்காய் சேர்த்து, உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, விளக்கேற்றி, ஔவையார் கதை சொல்லி, விடியுமுன் தின்று முடித்துவிட வேண்டும். ஆண்கள் பார்க்கக் கூடாது, தின்னவும் கூடாது. கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் இடமில்லை. சின்ன வயதில் அம்மையோடு நான் போயிருக்கிறேன். பகல் முழுக்க வீட்டுக்கு மாவு இடித்த அதே பெண்கள், அதே உலக்கை. ஆனால் அன்று ராத்திரி அவர்கள் சிரித்த சிரிப்பை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. யாருக்குப் பரிமாற வேண்டும் என்ற நினைப்பில்லாமல் அம்மை உட்கார்ந்து தின்றதை நான் பார்த்தது அந்த ராத்திரிகளில்தான். சூடான கொழுக்கட்டையை இரண்டாகப் பிட்டு, ஊதி, பாதியைத் தன் வாயில்தான் முதலில் போட்டாள்.

வருகிற ஆடி முதல் செவ்வாய் நம் வீட்டில் நோன்பு வைக்கிறேன். உன் அம்மை வருகிறாள், தெருவில் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அரிசி நான் ஊறவைத்துவிடுவேன். சாயங்காலம் வடசேரியில் பஸ் ஏறிவிடு. சின்னவளைத் தூக்கிக்கொண்டு வா, அவளுக்கு இடமுண்டு. மூத்தவனுக்கு இல்லை. அவன் அப்பாவோடு இருக்கட்டும். ராத்திரிக்கு என்ன சாப்பாடு, அத்தைக்கு எந்த மாத்திரை, மறுநாள் புதன்கிழமைக்கு எந்தச் சட்டை என்று எழுதி பிரிட்ஜில் ஒட்டிவைத்துவிட்டு வராதே.

அன்புடன்,
உன் பெரியம்மை